அக்கா மகனும் முன்ஷி அப்துல்லாவும்

அக்கா மகனுக்கு அடுத்த வருஷம் ஏழு வயது. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதில்லை, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று அக்கா சொன்ன அன்று மேசையில் சோறு ஆறிப்போனது. அம்மா ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: "பள்ளிக்கூடம் போனாத்தான் நாலு பேரோட பழகுவான். வீட்டுலயே வெச்சிருந்தா கெணத்துத் தவளையாட்டம் ஆயிருவான்." அக்கா விடவில்லை. "நானும் இவனும் ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போனோமே, யாரோட பழகினோம்? எல்லாம் நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மீனில் முள் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அன்று வாயைத் திறக்காமல் தப்பித்த குற்றவுணர்ச்சியில்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். நான் வரலாற்று மாணவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் முடித்து, பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிறேன். புத்தகமெல்லாம் சனிக்கிழமைகளில்தான். ஆனால் அம்மாவும் அக்காவும் போட்ட சண்டை இந்த ஊரில் இருநூறு வருஷமாக வெவ்வேறு பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தொடங்க வேண்டிய இடம் ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. ஃபார்க்குவார் ஸ்திரீட்டில் மாநில அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம், 1928இல் கிரீன் லேனுக்கு மாறும்வரை பினாங்கு ஃப்ரீ ஸ்கூலாக இருந்தது. பள்ளி அந்தக் கட்டடத்தைவிடப் பழையது. 1816 அக்டோபர் 21ஆம் தேதி, ராபர்ட் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதைத் தொடங்கினார். "ஃப்ரீ" என்றால் பள்ளிக் கட்டணம் கிடையாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எந்த இனம், எந்த மதம் என்று பார்க்காமல் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்பதுதான் பொருள். கிறிஸ்துவத்தை விரும்பாத பெற்றோரின் மனம் புண்படாமல் நடந்துகொள்வோம் என்பதும் தொடக்கத் திட்டத்தில் இருந்தது. பாதிரியார் நடத்தும் பள்ளிக்கு அப்படி ஒரு வாக்குறுதி இல்லாமல் யாரும் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பும் இருந்தது. அதைக் கணக்கில் வைத்துத்தான் 2016இல் மலேசியத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு என்று நாடெங்கும் விழா எடுத்தோம். நானும் ஒரு டீ-சட்டை வாங்கினேன். வகுப்பு நீடிக்கவில்லை, பிள்ளைகள் போதாமல் நின்றுபோனது. ஆனால் விழாவில் யாரும் பேசாத ஒரு விஷயம் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இந்த நாட்டில் தமிழ் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் ஏறியது, எல்லா இனத்துக்கும் வாசல் திறந்துவைத்த ஒரு பள்ளியில்.

அதற்கு முன்னால் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? பெரும்பாலும் வீட்டில், அல்லது யாரோ ஒருவர் வீட்டு வாசலில். பினாங்கு அப்போது மெட்ராஸுக்குப் பக்கத்து வீடு மாதிரி. நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் கப்பல்கள் வந்தபடி இருந்தன. அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல ஆவணம் இருக்கிறது. 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ மெட்ராஸ் மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் தொகுத்து எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வருகிறது. பின்னாளில் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடித் தொகுத்து 1983இல் புத்தகமாக்கியபோதுதான் இவை பரவலாகத் தெரியவந்தன. என்னைப் பிடித்து நிறுத்தியது மெட்ராஸ் நகரக் கணக்கு. அங்கே பள்ளிக்குப் போனவர்கள் சுமார் 5,500 பேர். வீட்டிலேயே படித்தவர்கள் 26,000-க்கும் மேல்! மன்றோவுக்கே நம்பிக்கை வரவில்லை, இதில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று எழுதினார். பாதியாகக் குறைத்தாலும், தமிழன் வீட்டுக்கல்வியை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை என்பது உறுதி.

பள்ளிக்கூடம் என்று எழுதப்பட்டதிலும் பல, திண்ணைப் பள்ளிக்கூடங்கள். திண்ணை வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. ஆசிரியர் வீட்டு வாசலில் மணலைப் பரப்பி, பெரிய பையன் சின்னப் பையனுக்கு எழுத்துக் காட்டுவான். மெட்ராஸ் எழும்பூரில் அனாதை இல்லம் நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைப் பார்த்துத் தன் இல்லத்தில் கையாண்டு, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அது "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே போனது. பெருமைப்படலாம்தான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதையும் சாதிதான் முடிவு செய்தது. தெருவைப் பார்த்த வாசல் இருந்தும், தெருவில் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் இல்லை.

இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கல்வியை உள்ளேயிருந்து எழுதிவைத்த ஆள் நம் பக்கத்திலேயே இருக்கிறார். முன்ஷி அப்துல்லா. பள்ளியில் மலாய்ப் பாடத்தில் பெயரைப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டிருந்தேன். மலாய் நவீன இலக்கியத்தின் தந்தை என்று சொல்லப்படுகிறவர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூர் வந்து தமிழ்ப்பெண்ணை மணந்த அராபியர். பாட்டி பெயர் பெரியாச்சி. மலாய் நூலில் "பெரி ஆச்சி" என்று அதைப் பார்த்தபோது யாரோ தெரிந்தவரைப் பேருந்தில் கண்டதுபோல இருந்தது.

1849இல் அச்சான தன் வரலாற்றில் அப்துல்லா, பாட்டி கம்போங் பாலியில் ஆணும் பெண்ணுமாகச் சுமார் இருநூறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறார். அங்கே இருந்த தண்டனைக் கருவிகளை ஒன்றுவிடாமல் வர்ணிக்கிறார். வீட்டுப்பள்ளி என்றால் அன்பும் அரவணைப்பும் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்கலாம். பிறகு அப்பா பையனைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் அக்காவைவிடப் பத்து மடங்கு கண்டிப்பு. பள்ளிவாசலில் இருந்தவர்களின் பெயர்களையெல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொல்வார். எழுத்தில் தப்பு இருந்தால் தொலைந்தான். அதன்பிறகு தமிழ் கற்க ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். மலாக்காவில் வசதியான குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது அன்று வழக்கம். காரணம் மொழிப்பற்று அல்ல, வியாபாரக் கணக்கு. தமிழ் வியாபாரிகள் நிறைந்த ஊரில் கணக்குப் பார்க்கவும் பேசவும் தமிழ் தேவைப்பட்டது.

அங்கிருந்து பையன் கோட்டைக்குப் போகிறான். இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கிறான், அவர்களிடம் இந்துஸ்தானி கற்றுக்கொள்கிறான். "முன்ஷி" என்ற பட்டம் அவர்கள் கொடுத்தது. ராஃபிள்ஸ் மலாக்கா வந்தபோது அவரிடம் எழுத்துவேலை. பிறகு மிஷனரிகளிடம் ஆங்கிலம், அவர்களுக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் உதவி. ஊர் அவரைப் "பாதிரி" என்று கேலி செய்தது. அவர் கடைசிவரை முஸ்லிம். 1854இல் ஹஜ் பயணத்தில்தான் இறந்தார். தன் சமூகம், அதன் அரசர்கள் யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ராஃபிள்ஸ் போன்ற வெள்ளைக்காரர்களைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்தார் என்பது என் குறை.

ஒரே ஒரு சாம்பிளை வைத்து முடிவெடுத்தால் எங்கள் கம்பெனி தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சிரிப்பார்கள். வீட்டில் படித்துக் கிணற்றுத் தவளையாகவே போன அப்துல்லாக்கள் புத்தகம் எழுதவில்லை, அதனால் நமக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கமும் சாம்பிள் உண்டு. 1879இல் பினாங்கில் பிறந்த வூ லியன் தே, ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவரானவர். 1910 கடைசியில் ஹார்பினில் பரவிய பிளேக்கை அடக்கியவர். அவருக்கு உலகத்தைக் காட்டியது பள்ளிதான். ஆனாலும் அப்துல்லா விஷயத்தில் ஒன்றை ஒதுக்க முடியவில்லை. அவருடைய அப்பா பாடத்தை வீட்டுக்குள் முடித்துக்கொள்ளவில்லை. பெயர் எழுதப் பள்ளிவாசல், கணக்குக்குத் தமிழ் ஆசிரியர் என்று பையனை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார்.

இதற்கு நேர் எதிராக, பள்ளிக்கூடமே ஒரு வேலிக்குள் அடைபட்ட கதையும் நம்முடையதுதான். தமிழ்க்கல்வி ஃப்ரீ ஸ்கூலில் நிற்காமல் போன பிறகு பெரும்பாலும் கித்தாக் காட்டுக்குள்தான் வளர்ந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பல தோட்டங்களில் அது சட்டத்துக்காக நடந்த பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பாடப்புத்தகம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. லயத்திலிருந்து பள்ளிக்கு நூறு அடி, பள்ளியிலிருந்து பால் மரத்துக்கு இன்னொரு நூறு அடி. எங்கள் தாத்தா செபராங் பிறையில் அப்படி ஒரு பள்ளியில் நான்கு வருஷம் படித்தார். "பள்ளிக்கூடம்னா என்ன, எங்க வீட்டு நீட்டம்தான்" என்பார். அவர் பள்ளிக்குப் போனவர் என்றுதான் கணக்கில் வரும்.

சுதந்திரத்தை ஒட்டி, அம்மா கேட்ட கேள்வி அரசாங்கத்தின் கேள்வியானது. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை, தனித்தனி மொழிப்பள்ளிகள் இனங்களைப் பிரிக்கின்றன, மலாயும் ஆங்கிலமும் சொல்லித்தரும் ஒரே தேசியப் பள்ளி போதும் என்றது. சீனர்களும் இந்தியர்களும் எதிர்த்தார்கள். 1956இல் ரசாக் அறிக்கை நடுவழி கண்டது: மொழி வேறாக இருக்கட்டும், பாடத்திட்டம் ஒன்றாக இருக்கட்டும். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ ஒட்டி. பினாங்கில் 28. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்ற வழக்கை 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விடிய விடியப் பட்டாசு ஸ்டிக்கர். நானும் போட்டேன்.

போட்டுவிட்டு யோசித்தேன். நான் படித்தது அந்த 28இல் ஒன்று. அந்தப் பள்ளி எனக்குக் கொடுத்த தமிழில்தான் இதை எழுதுகிறேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் மலாய் மதிப்பெண் போதாமல், இடைநிலைப்பள்ளியில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். மலாய் கற்றுக்கொள்வதற்கென்றே இருந்த அந்த வகுப்பில் ஒரு மலாய் மாணவன்கூடக் கிடையாது. நாங்களும் சீனப்பள்ளிப் பிள்ளைகளும் மட்டும். ஒரு மலாய்ப் பையன் பக்கத்தில் நான் முதன்முதலாக உட்கார்ந்தபோது எனக்கு வயது பதினான்கு. அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த நாசி லெமாக்கை நீட்டினான். எனக்கு வாங்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவனும் ஆறு வருஷம் தேசியப் பள்ளியில் படித்தவன்தான், தமிழன் ஒருவனோடு அதற்கு முன்னால் பேசியதே இல்லை என்றான். தேசியப் பள்ளி திறந்த வாசல், தமிழ்ப்பள்ளி மூடிய வாசல் என்று பேசுகிறவர்களுக்கு எங்கள் இருவரையும் காட்ட வேண்டும்.

இதனால் அக்கா பக்கம் வெற்றி என்று ஆகிவிடாது. 2003 முதல் இந்நாட்டில் ஆரம்பக்கல்வி கட்டாயம். அமைச்சின் விலக்கு இல்லாமல் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அத்தான் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. அக்கா போய்ப் பார்த்த இடங்களும் வேடிக்கை. வீட்டுக்கல்வி மையம் என்ற பெயரில் கடைவீட்டு மாடியில் குளிர்சாதன அறை, பிள்ளைக்கு ஒரு மேசை, கடைசியில் எழுதப்போவது மறுபடியும் கேம்பிரிட்ஜ் தேர்வு. "இதுக்கு ஃப்ரீ ஸ்கூலே பரவால்ல, அங்க திடலாவது இருக்கு" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் கவலை வேறு: பையன் திக்கிப் பேசுவான். பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகள் அவனைப்போலப் பேசிக் காட்டினார்கள். அன்று சோற்று மேசையில் அவள் இதைச் சொல்லவில்லை. வரலாறு படிக்கப் போன எனக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்துல்லாவின் அப்பா கொடுத்த பாடத்தை அடியைக் கழித்துவிட்டு அவனுக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். சௌராஸ்தா சந்தையில் சந்திக்கிறவர்களின் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். முதல் பெயரைக் கேட்க அவனுக்குப் பத்து நிமிஷம் ஆனது. ஜாதிக்காய் ஊறுகாய் விற்கும் சீனப் பாட்டி அவன் திக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பெயரைச் சொல்லி, எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மதியத்துக்குள் பதினோரு பெயர். மூன்று மலாய், ஐந்து சீனம், இரண்டு தமிழ். பதினோராவது இடத்தில் பெயருக்குப் பதில் "கோப்பிக்கடைத் தாத்தா" என்று எழுதியிருந்தான்.

"பேரு கேக்கலையாடா?"

"நீங்கதான் அவரோட தினம் பேசுவீங்களே மாமா. நீங்க சொல்லுங்க."

நான்கு வருஷமாக அங்கே பசியாறுகிறேன். எனக்கும் தெரியவில்லை.