ஓர் ஊர், மூன்று மாவட்டங்கள்

சில மாதங்களுக்கு முன், எழுபது வயதைக் கடந்த தாயொருவர் நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். தேன்கனிக்கோட்டை வட்டத்தின் மலையோரக் கிளைப்பங்கு ஒன்றிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறி வந்திருந்தார். முதியோர் உதவித்தொகைக்கு மனுச் செய்திருந்த அவருக்கு, வயதை மெய்ப்பிக்கத் திருமுழுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. பழைய பதிவேட்டைப் புரட்டினோம். 1953ஆம் ஆண்டுப் பக்கத்தில் 'சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா' என்று எழுதியிருந்தது. அவர் கொண்டுவந்த 1974ஆம் ஆண்டின் திருமணச் சான்றிதழில் 'தர்மபுரி மாவட்டம்' என்றும், குடும்ப அட்டையில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்றும் இருந்தன. இவை எல்லாம் ஒரே ஊரைக் குறிப்பவைதானா என்று ஐயுற்று, யாரோ ஓர் எழுத்தர் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"சாமி, நான் பொறந்த ஊரை விட்டு எங்கியும் குடிபோகலியே. ஊரு மட்டும் எப்படி மூணு ஜில்லாவுக்குப் போச்சு?" என்று கேட்டார் அந்தத் தாய்.

பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே முதுமை எய்தியவரின் கேள்வி அது. சான்றிதழை எழுதித் தருவது ஐந்து நிமிட வேலை. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கோ இம்மண்ணின் ஆயிரமாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய இப்பகுதி என்றும் ஆட்சிகளின் விளிம்பிலேயே இருந்துவந்துள்ளது. நுளம்பர் ஆண்டமையால் நுளம்பபாடி எனப்பட்ட நாட்டை வென்ற சோழர், அதற்கு நிகரிலிசோழ மண்டலம் என்று தம் விருதுப்பெயரைச் சூட்டினர். ஊர்கள் சேர்ந்து நாடு, நாடுகள் சேர்ந்து வளநாடு அல்லது மண்டலம் என்பது சோழர் கால அமைப்பு. பின்னர் போசளரும் விசயநகரத்தாரும் மைசூர் மன்னரும் வந்தனர். ஆள்வோர் மாறும்போதெல்லாம் மண்டலத்தின் பெயர் மாறியது. ஊரின் பெயர் பெரும்பாலும் மாறவில்லை. இன்றும் இவ்வட்டாரத்து வயல்வரப்புகளில் நிற்கும் நடுகற்களைக் காணும்போது, ஆநிரை காத்து மாண்ட வீரர்கள் எந்த மண்டலத்துக் குடிகளாக மாண்டார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. அவர்கள் தங்கள் ஊருக்காகவே மாண்டார்கள்.

கோடு கிழித்து எல்லை வகுக்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தில்தான் உறுதிப்பட்டது. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் திருப்பத்தூரும் அதில் அடங்கியிருந்தன. மலைக்கு மேலுள்ள ஓசூர்ப் பீடபூமியாகிய பாலாகாட், திப்பு வீழ்ந்த 1799இல்தான் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆக, கிருஷ்ணகிரியும் ஓசூரும் ஏழாண்டுக் காலம் இரு வேறு அரசுகளின்கீழ் இருந்தன. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவோ சுமார் 50 கிலோமீட்டர்தான்!

பாராமகாலின் முதல் கலெக்டர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குத் துணையாக வந்தவர் தாமஸ் மன்றோ. நிலத்தை வயல் வயலாக அளந்து, இடையில் எவருமின்றி உழவரிடமே வரி பெறும் ரயத்துவாரி முறையை அவர்கள் இங்குதான் செய்து பார்த்தனர். மன்றோ 1820இல் சென்னை ஆளுநரான பிறகு அம்முறை மாகாணமெங்கும் பரவியது. 'கலெக்டர்' என்ற சொல்லுக்கு வசூலிப்பவர் என்பதே பொருள். நம் முன்னோர் அதைத் 'தண்டல் நாயகர்' என்று தமிழாக்கியது மிகப் பொருத்தம். ஜில்லா என்பது வரி தண்டுவதற்காக வகுக்கப்பட்ட பரப்பு. அது குடிமக்களின் கால்களை எண்ணி வகுக்கப்படவில்லை.

இவ்வாறு உருவான சேலம் ஜில்லா மிகப் பெரியது. 1911இல் வட ஆர்க்காடு ஜில்லா திருத்தியமைக்கப்பட்டபோது, திருப்பத்தூர் வட்டம் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டு அதனோடு இணைந்தது. எஞ்சிய சேலத்தின் வட எல்லையில் ஓசூர் நின்றது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, ஓசூரில் பள்ளிக் கல்வியும், மாகாண எல்லைக்கு அப்பால் பெங்களூரில் கல்லூரிக் கல்வியும் பெற்று, சேலத்தில் வழக்குரைஞர் தொழில் நடத்தினார். அவர் சென்னை மாகாணப் பிரதமரானபோது, 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கைச் சோதனையாகத் தொடங்கிய ஜில்லா சேலமே. மதுவால் வந்த வருவாய் குறையவே, 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வரி மாநிலங்கள்தோறும் வேரூன்றியபின் எல்லைகளில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. ஓசூர்ச் சாலையில் சரக்கு லாரிகள் வரிசையாகக் காத்துக்கிடந்த காட்சியை நம் தலைமுறை நன்கறியும். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகே வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன.

விடுதலைக்குப் பின் மொழி எல்லை வகுக்கும் அளவுகோலாயிற்று. பசல் அலி தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி, 1956 நவம்பர் முதல் நாள் புதிய மாநிலங்கள் பிறந்தன. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்திற்குச் சென்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூரோ சென்னை மாநிலத்திலேயே நின்றது. மொழி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று அவ்வாணையமே கூறியிருந்தது. எந்தக் கோடு கிழித்தாலும், கோட்டின் இருபுறமும் 'பிறமொழியார்' இருக்கவே செய்வர் என்பதற்கு ஓசூரைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. அதுவரை ஓசூர்வாசி மாவட்டத் தலைநகரைக் காண சுமார் 160 கிலோமீட்டர் செல்லவேண்டியிருந்தது. அத்தொலைவு நூறு கிலோமீட்டருக்குள் வந்தது. 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றி, ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரால் கிடைத்த சலுகைகளும், 40 கிலோமீட்டரில் பெங்களூர் இருந்த வசதியும் ஒருங்கே கூடிய இடம் அது. தர்மபுரியின் வறட்சியோடு ஒரே மாவட்டமாகப் பிணைக்கப்பட்டிருந்தது ஓசூரின் வளர்ச்சிக்கு உதவியது என்பது வரலாற்றின் விந்தை! மோட்டார் வாகனங்களும் கைக்கடிகாரங்களும் அங்கே உருவாயின. 2004 பிப்ரவரி 9ஆம் நாள் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது. ஓசூரைத் தலைநகராகக் கொண்டு இன்னொரு மாவட்டம் வேண்டுமென்ற குரலும் எழுந்துள்ளது. 1956இல் 13 மாவட்டங்களாக இருந்த மாநிலம் இன்று 38 மாவட்டங்களைக் கொண்டுள்ளது. ரீடின் பாராமகாலில் அடங்கியிருந்த திருப்பத்தூரும் 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது.

திருச்சபையும் இவ்வோட்டத்திற்கு விலக்கன்று. உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் வகுத்த நிர்வாகப் பிரிவின் பெயரே பின்னாளில் ஆயரின் ஆளுகைப் பரப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. பேரரசு நகரங்களின் நிலையை மாற்றினால் திருச்சபைப் பிரிவுகளும் அதனைப் பின்பற்றட்டும் என்று கி.பி. 451இல் கால்செதோன் பொதுச்சங்கம் விதித்தது. முன்பு 'மேற்றிராசனம்' என்ற நாமே இன்று 'மறைமாவட்டம்' என்கிறோம். அரசின் மாவட்டம் நம் சொல்லுக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. மைசூர், புதுச்சேரி, கும்பகோணம் ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1930இல் சேலம் மறைமாவட்டமும், அதிலிருந்து 1997இல் தர்மபுரி மறைமாவட்டமும் அமைந்தன. 2004இல் அரசு மாவட்டம் இரண்டானபோதும் மறைமாவட்டம் ஒன்றாகவே நீடித்தது.

இத்தனை பிரிவினைகளையும் எதைக்கொண்டு எடைபோடுவது? ஏழையின் கால் எத்தனை அடி குறைவாக நடந்தது என்பதைக்கொண்டே என்று நமக்குத் தோன்றுகிறது. பேரரசன் ஒருவன் மக்களைக் கணக்கெடுக்க விரும்பியதால், நிறைமாதக் கருவுற்ற பெண்ணொருத்தி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பயணப்பட நேர்ந்ததை லூக்கா எழுதிவைத்துள்ளார். ஆட்சி தன் வசதிக்காக மக்களை நடக்கவைத்த கதை அது. ஆட்சி மக்களை நோக்கி நடந்த தருணங்களும் உண்டு. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தது அத்தகைய தருணம். மாவட்டத் தலைநகர் அருகே வந்ததும் அத்தகையதே.

ஆனால் தொலைவு என்பது கிலோமீட்டர் மட்டுமன்று. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2016இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, இவ்வெல்லையோரத்துத் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளின் பிள்ளைகள் நீதிமன்றத்தில் விலக்குப் பெறவேண்டியிருந்தது. தமிழ் நம் உயிர். அதை எல்லோரும் கற்பது நன்றே. எனினும் தாய்மொழி வேறாகிய சிறுபிள்ளைக்கு அதைக் கற்பிக்க ஆசிரியரும் கால அவகாசமும் தந்தோமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. அதே 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலால் பேருந்துகள் நின்றபோது, பயணிகள் ஜூஜூவாடியில் இறங்கி, மூட்டைகளைச் சுமந்து அத்திப்பள்ளிவரை நடந்தனர். நாள்தோறும் பேருந்தில் அமர்ந்தபடி கடந்த கோடு அன்று மதிலாக எழுந்து நின்றது.

அந்தத் தாயின் சான்றிதழை எழுதி முடித்தபின், அதன் பின்புறத்தில் இரண்டு வரி சேர்த்தோம்: 'இவ்வூர் 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் 2004 வரை தர்மபுரி மாவட்டத்திலும், அதன்பின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உள்ளது. மூன்று தாள்களும் குறிப்பது ஒரே ஊரையே.' முத்திரையிட்டுக் கொடுத்தோம். அதை அவர் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தபோது, மாலைப் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அப்போதுதான் நம் மனம் உறுத்தியது. ஒரு கையெழுத்துக்காக அவரை இரண்டு பேருந்து ஏறி வரச்செய்தது அலுவலகம் மட்டுமா? பதிவேட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு பங்கு இல்லத்தில் அமர்ந்திருந்த நாமும்தானே? இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று அக்கிளைப்பங்கிற்குத் திருப்பலி நிறைவேற்றச் செல்கையில், பதிவேடும் முத்திரையும் நம்முடன் வருகின்றன. உதவித்தொகை அவருக்குக் கிடைத்ததென்ற செய்தியையும் அங்கே சென்றபோதுதான் அறிந்தோம்.