கருடக்கொடி: நான் சொல்லிக்கொடுத்த ஒரு தவறு



போன வாரம் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், ஒரு வேலியில் கருடக்கொடி படர்ந்திருந்ததைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் உங்களிடம், "இந்தக் கொடி இருந்தால் பாம்பு அண்டாது, கடித்தாலும் இலைச்சாறு கொடுத்தால் விஷம் முறியும்" என்று சொல்லியிருக்கிறேன். என் பாட்டி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். அது தவறு. திருத்தவே இந்தப் பதிவு.

ஈசுவரமூலி, பெருமருந்து என்றும் இதற்குப் பெயர் உண்டு. இந்தச் செடியினத்தை அந்நாளைய கிரேக்கர்கள் பிரசவத்துக்கு நல்லது என்று நம்பினார்கள். அரிஸ்டோலோக்கியா என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஆனால் 1993இல் பெல்ஜிய மருத்துவர்கள் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டார்கள். உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. இதே இனத்துச் சீனச் செடி அதில் கலந்திருந்தது. இதிலுள்ள அமிலம் புற்றுநோயும் உண்டாக்கும் என்று இன்று உறுதியாகிவிட்டது. வாட்ஸ்அப் குறிப்பைப் பார்த்து யாரும் அரைத்துக் குடிக்காதீர்கள்.

பாம்புக்கடிக்கான உண்மையான மருந்துக்கு மூலப்பொருள் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. பாம்புத் தோல் விற்றுப் பிழைத்த இருளர் மக்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வருமானத்தை இழந்தார்கள். ராமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிமருந்து தயாரிக்கிறார்கள்.

அப்படியானால் கொடியை வெட்டிவிடலாமா? கூடாது. கறுப்பு இறக்கையும் சிவப்பு உடலும் கொண்ட கிரிம்சன் ரோஸ் வண்ணத்துப்பூச்சி இதில்தான் முட்டையிடும். லின்னேயஸ் 1758லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். நம் பக்கத்தில் அதன் புழுவுக்குக் கருடக்கொடியும் ஆடுதீண்டாப்பாளையும்தான் உணவு. நமக்கு ஆகாத அந்த நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பூச்சியானதும் பறவைகள் அதைத் தின்னாமல் விடுவது அதனால்தான். கொடி போனால் பூச்சியும் போய்விடும்.

ஆகவே வேலியோரம் இருந்தால் விட்டுவையுங்கள். புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள். குழந்தைகள் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தால், இன்றே திருத்திச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்