யாருக்குத் தண்டனை? யைசு 2001, யூபர்லிங்கன் 2002

வானத்தில் இரண்டு விமானங்கள் மோதுகிற மாதிரி நெருங்கிவிட்டால், விமானத்துக்குள்ளேயே டிகாஸ் என்றொரு கருவி எச்சரிக்கும். ஒன்றை மேலே ஏறச் சொல்லும், மற்றதைக் கீழே இறங்கச் சொல்லும். அதே நொடியில் தரையிலிருக்கும் கன்ட்ரோலர் நேர்மாறாகச் சொன்னால்? பைலட் யார் பேச்சைக் கேட்கணும்? இதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான, குழப்பமில்லாத பதில் 2002 வரை இல்லை.

2001 ஜனவரி 31. ஜப்பானில் யைசு நகரத்துக்குப் பக்கத்து வானில் ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்கள், 907, 958. டோக்கியோ மையத்தில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பயிற்சியில் இருந்தவர். பக்கத்திலேயே மேற்பார்வையாளர். இந்தத் தொழிலில் பயிற்சி அப்படித்தான்: நிஜ விமானங்களோடு மாணவர் பேசுவார், ஆசான் கேட்டுக்கொண்டே இருப்பார். 958-ஐ இறங்கச் சொல்ல நினைத்தவர் வாய் தவறி 907 என்று சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் பதறிப்போய்க் குறுக்கிட்டார். அவர் கூப்பிட்டது 957-ஐ! அப்படியொரு விமானமே அங்கே கிடையாது.

907-இன் டிகாஸ் ஏறச் சொன்னது, கேப்டன் கன்ட்ரோலர் சொன்னபடி இறங்கினார். 958-ம் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி நொடியில் கண்ணால் பார்த்து விலகியதால் 677 பேரும் பிழைத்தார்கள். திடீரென்று விமானத்தைக் கீழே அழுத்தியதில் சுமார் 100 பேருக்குக் காயம்.

ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் இதே முரண்பாடு மறுபடி வந்தது. பஷ்கீரியன் ஏர்லைன்ஸின் டுபோலெவ், டிஹெச்எல்லின் சரக்கு போயிங். இந்த முறை தப்பவில்லை. 71 பேர் இறந்தார்கள், அதில் 52 பேர் குழந்தைகள்.

கீழே தெரிவது ஜெர்மன் மண், ஆனால் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டது சுவிட்சர்லாந்தின் ஸ்கைகைடு நிறுவனத்து சூரிச் மையம். அந்த அறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். இரவு ஷிஃப்டுக்கு இரண்டு கன்ட்ரோலர்கள். ட்ராஃபிக் குறைந்ததும் ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். விதிப்படி தப்பு, ஆனால் வருஷக்கணக்காக நடந்துவந்த வழக்கம், நிர்வாகத்துக்கும் தெரியும். அன்றைக்கு ராடாரில் பராமரிப்பு வேலை வேறு. விமானங்கள் நெருங்கினால் திரையில் காட்டும் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. மெயின் டெலிபோன் இணைப்பையும் நிறுத்தியிருந்தார்கள், மாற்று லைனில் கோளாறு. தாமதமாக வந்த ஏர்பஸ் ஒன்று ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இறங்கவேண்டியிருந்தது. அந்த விமான நிலையத்துக்கு போன் போட்டுப் போட்டு, இரண்டு திரைகளுக்கு நடுவே மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார் தனியாளாக இருந்தவர்.

பக்கத்துக் கார்ல்ஸ்ரூஹே மையத்து ஆட்கள் ஆபத்தை முன்கூட்டியே திரையில் பார்த்துவிட்டார்கள். சூரிச்சுக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தார்கள். லைன் கிடைக்கவில்லை. எனக்கு இந்த முழுக் கதையிலும் தாங்கமுடியாத இடம் இதுதான்.

மோதலுக்கு 43 நொடி முன்னால் சூரிச் கன்ட்ரோலர் டுபோலெவை இறங்கச் சொன்னார். சில நொடிகளில் அதன் டிகாஸ் ஏறச் சொன்னது. அவர் மறுபடியும் இறங்கச் சொல்ல, விமானிகள் அவர் பேச்சைக் கேட்டார்கள். போயிங்கும் டிகாஸ் சொல்லி இறங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து ஏர்பஸ் பக்கம் திரும்பிவிட்டார்.

இனி தீர்ப்புகள். ஜப்பானில் பயிற்சியாளரையும் மேற்பார்வையாளரையும் கோர்ட்டில் நிறுத்தினார்கள். முதலில் விடுதலை, மேல்முறையீட்டில் தண்டனை, 2010-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சுவிஸ் நீதிமன்றம் 2007-இல் ஸ்கைகைடு மேலாளர்கள் நாலு பேரைக் குற்றவாளிகள் என்றது. மூன்று பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, ஒருவருக்கு அபராதம். எனக்கு சுவிஸ் தீர்ப்பே நியாயமாகப் படுகிறது. நாக்குப் பிசகுவது எந்த மனுஷனுக்கும் நடக்கும். ராத்திரியில் ஒரே ஆள் போதும் என்பது வருஷக்கணக்காக, சாவகாசமாக விட்டுவைத்த விஷயம். ஜப்பான் போல வாய் தவறியவரைக் குற்றவாளி என்று தண்டித்தால், அடுத்த தடவை தப்பு செய்தவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வாரா?

அந்த சூரிச் கன்ட்ரோலர் 2007 தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. விபத்தில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், 2004 பிப்ரவரியில் அவர் வீட்டுக்கே தேடிப்போய்க் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். ஒரே ஆள் வேலை செய்யும் வழக்கத்தை நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டது என்று எழுதிய ஜெர்மன் விசாரணை அறிக்கை வெளியானது அதற்கு அப்புறம், மே மாதம்.