பலகையும் தரையும்

மட்டாஞ்சேரிக்குச் சனிக்கிழமையில் போய்ச் சேர்ந்தேன் என்றால், அது என் அசட்டுத்தனம். யூதத் தெருவின் கோடியில் மணிக்கூண்டு தெரிந்தது. ஆலயத்தின் கதவு சாத்தியிருந்தது. வாசலுக்கு எதிரே ஏலக்காயும் மிளகும் பழைய பித்தளைச் சாமான்களும் விற்கிற மனிதர், "இன்னு இல்லா சாரே, நாளெ வரூ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் என்னைப் போல் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பாரோ!

யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள் என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடத் தெரியும். வெள்ளிக்கிழமை சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் தொடங்கி, மறுநாள் இரவு நட்சத்திரம் தெரியும் வரையில் வியாபாரம் இல்லை, அடுப்பு மூட்டுவது இல்லை, பிரயாணம் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு அன்று கதவு சாத்துவது நியாயந்தான். ஆனால் அவர்களுக்குள்ளே அன்றுதானே சத்தம் கேட்க வேண்டும்? வாரத்தின் பகுதியை உரக்க வாசிக்கும் நாள் அது அல்லவா? சுவரை ஒட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காக்கை கரைந்தது, எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். சரித்திர ஆசிரியன் அல்ல. ஆனாலும் அந்த மௌனத்தின் கதை என்ன என்று தேடாமல் இருக்க முடியவில்லை.

தோரா என்று யூதர்கள் சொல்வது, தமிழ் பைபிளில் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை இருக்கிற ஐந்து புத்தகங்களை. நம் கிறிஸ்தவ நண்பர்கள் நியாயப்பிரமாணம் என்பார்கள். அதை 54 பகுதிகளாக வகுத்து, வாரம் ஒன்றாக, சில வாரங்களில் இரண்டாக, ஒரு வருஷத்தில் வாசித்து முடிக்கிறார்கள். முடித்த அன்றே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். கடைசிப் பக்கம் என்பதே கிடையாது. பாக்தாதிலோ ஆம்ஸ்டர்டாமிலோ கொச்சியிலோ எங்கே இருந்தாலும், ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒரே பகுதி.

வாசிப்பது அச்சுப் புத்தகத்திலிருந்து அல்ல. தோலில் கையால் எழுதிய சுருளிலிருந்து. அந்த எழுத்தில் உயிரொலிக் குறிகள் கிடையாது. கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் படித்துப் பாருங்கள், சங்கடம் புரியும். போதாததற்கு ராகம் வேறு உண்டு. அதற்கும் சுருளில் அடையாளம் இல்லை. ஆகையால் சனிக்கிழமை வாசிக்க வேண்டியவன் வாரம் முழுவதும் வீட்டில் பாடம் பண்ணியாக வேண்டும். ஒரு சொல் பிசகினால் பக்கத்தில் நிற்கிறவர் அங்கேயே திருத்துவார். நம் வேதபாடசாலைகளில் அத்தியயனம் செய்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

சனிக்கிழமை காலையில் ஏழு பேரைப் பெயர் சொல்லிச் சுருளுக்கு முன்னால் அழைப்பார்கள். முதலில் புரோகித வம்சத்தவர், அடுத்து லேவி வம்சத்தவர், பிறகு மற்றவர்கள். அழைக்கப்பட்டவர் ஏறி நின்று, வாசிப்புக்கு முன்னும் பின்னும் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்தாலும், கல்யாணம் ஆனாலும், நோயிலிருந்து பிழைத்து எழுந்தாலும், அந்த மனிதனை அப்படி அழைப்பது வழக்கம். நம் ஊர்க் கோயில்களில் பரிவட்டத்துக்கும் முதல் தீர்த்தத்துக்கும் ஐகோர்ட் வரையில் போன குடும்பங்கள் உண்டு. அழைக்கப்படுவதும் அழைக்கப்படாமல் போவதும் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொச்சி யூதர்களுக்கு ரபீ என்ற குருமார் இருந்ததில்லை. பெரியவர்களே முன்னின்று நடத்தினார்கள். பிராயம் வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் போதும், சபை கூடிவிட்டது; பத்துக்கு ஒன்று குறைந்தாலும் சுருளை எடுத்து வாசிக்கக்கூடாது. மிளகு வியாபாரியும் படகுக்காரரும் தோராவை ராகத்தோடு சொல்லக்கூடியவர்களாக இருந்தது இதனால்தான். பெண்களும் சளைத்தவர்கள் அல்லர். வேதக் கதைகளை மலையாளப் பாட்டுக்களாக நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளில் ஆண்கள் கேட்கவே பாடினார்கள். மற்ற தேசத்து யூதர்களிடம் அதிகம் காண முடியாத ஒரு காரியம் அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். இந்தச் செருப்பு கழற்றுகிற சம்பிரதாயமும் மற்ற தேசத்து யூதர்களிடம் பெரும்பாலும் கிடையாது. மலையாள மண் கற்றுக்கொடுத்தது. 1568-ல் கொச்சி ராஜா தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்து எழும்பிய ஆலயம் இது. சுவருக்கு அந்தப் பக்கம் அரண்மனையின் பகவதி கோயில். 1662-ல் போர்த்துக்கீசியர் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் வந்த பிறகு மறுபடி கட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹபி என்ற பெரிய வியாபாரி மணிக்கூண்டு எழுப்பி, சீனாவிலிருந்து நீலச் சித்திரக் கற்களை வரவழைத்துத் தரை முழுவதும் பாவினார். ஒன்றைப் போல் மற்றொன்று இராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கொஞ்ச தூரம் குனிந்து பார்த்துவிட்டு, கழுத்து வலித்ததால் ஒப்புக்கொண்டு விட்டேன்.

நடுவில் பித்தளைக் கிராதி போட்ட ஒரு மேடை. மாடியில், பெண்கள் உட்காரும் இடத்துக்கு முன்னால் இன்னொரு மேடை. இப்படி இரண்டாவது மேடை கட்டுவது கொச்சியின் தனி வழக்கம். ஓய்வு நாளிலும் பண்டிகைகளிலும் தோராவை மாடி மேடையிலிருந்துதான் வாசிப்பார்கள். ஆகவே பெண்களுக்குத்தான் வாசிப்பு மிகக் கிட்டத்தில் கேட்டிருக்கும்.

இந்தச் சபையாருக்குப் பரதேசிகள் என்று பெயர். நம் ஊரில் அது வசவு. அங்கே வெளிதேசத்தார் என்று மட்டும் அர்த்தம். ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுக்கலிலிருந்தும் துரத்தப்பட்டவர்களும், அலெப்போ, பாக்தாத் பக்கத்திலிருந்து வந்தவர்களும் சேர்ந்த கூட்டம். அவர்களுக்கு வெகு காலம் முன்பே மலையாளக் கரையில் யூதர்கள் இருந்தார்கள். அவர்கள் தலைவரான ஜோசப் ரப்பானுக்கு, ஏறக்குறைய கி.பி. 1000-ல், பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் கொடுத்த செப்பேடு இந்தப் பரதேசி ஆலயத்திலேயே இருக்கிறது. வட்டெழுத்தில், மலையாளம் தமிழிலிருந்து முற்றும் பிரியாத காலத்து மொழியில் எழுதிய சாஸனம் அது. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று 72 விருதுகள். யார் குடை பிடிக்கலாம், யார் பிடிக்கக்கூடாது என்று நிர்ணயித்திருந்த தேசத்தில், குடை பிடிக்கலாம் என்ற பட்டியலில் யூதர்களுக்கு இடம் கிடைத்தது. எத்தனையோ தேசங்களில் அவர்களை அடித்து விரட்டிய சரித்திரத்தை நினைத்தால், இது சாமானியமான பெருமை அல்ல. ஆனால் பட்டியலில் இடம் பெற்றவன் பட்டியலையே நம்பத் தொடங்கிவிடுகிறான்.

பரதேசிகளிடம் அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளை யூத மதத்தில் சேர்த்து, பிறகு விடுதலையும் செய்தார்கள். விடுதலை பெற்றவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் மெஷுஹ்ராரிம் என்று பெயர். விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். தாத்தாவின் தாத்தா விடுதலை அடைந்திருப்பார். பேரனுக்கும் அந்தப் பெயர்தான். அவர்கள் ஆலயத்துக்கு வரலாம். பெஞ்சுப் பலகையில் உட்காரக்கூடாது. முன் அறையில் தரையில் உட்கார வேண்டும். பெண் கொடுப்பதோ எடுப்பதோ இல்லை. மயானமும் வேறு. சுருளுக்கு முன்னால் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

எகிப்தில் அடிமைகளாக இருந்த ஜனங்கள் விடுதலை அடைந்த கதைதான் தோராவின் நடுநாயகம். அந்நியனை ஒடுக்காதே, நீயும் அடிமையாக இருந்தவன் என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. வருஷந்தோறும் அந்தப் பகுதிகள் தவறாமல் வரும். பலகையில் உட்கார்ந்தவர்கள் அதை ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்தார்கள். விடுதலை அடைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். எத்தனை சனிக்கிழமைகள்!

சாஸ்திரம் இதற்கு இடம் கொடுத்ததா என்றால், இல்லை. 1520 வாக்கிலேயே கொச்சியிலிருந்து இப்படிப்பட்ட வழக்கு ஒன்று கெய்ரோவுக்குப் போயிற்று. அங்கே இருந்த டேவிட் இப்னு சிம்ரா என்ற மகா பண்டிதர், முறைப்படி தீர்த்தமாடிவிட்டால் அவர்களும் முழு யூதர்களே, கல்யாண சம்பந்தமும் செய்யலாம் என்று தீர்ப்பு எழுதினார். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து மற்றொரு பண்டிதரும் அதையே சொன்னார். இந்த ஆலயத்துக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே வந்துவிட்ட தீர்ப்பு! சாஸ்திரத்தை விடப் பக்கத்து வீட்டுக்காரனின் வழக்கம் பலமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தரையிலிருந்து எழுந்தவர் ஏ.பி. ஸேலம். நம் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சென்னைக்குச் சம்பந்தம் உண்டு, பி.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் அங்கேதான் வாங்கினார். 1882-ல் பிறந்தவர், விடுவிக்கப்பட்டோர் வகுப்பில் முதல் பட்டதாரி. எர்ணாகுளத்தில் வக்கீல், கொச்சி சட்டசபையில் அங்கத்தினர், தொழிலாளருக்குப் பரிந்து பேசியவர், 1929-ல் லாகூர் காங்கிரஸுக்குப் போய் வந்தவர். அரசாங்கம் அவரைச் சட்டசபை நாற்காலியில் உட்கார வைத்தது. ஆலயம் தரையைக் காட்டிற்று.

அவர் காலத்தையும் கவனிக்க வேண்டும். கொச்சியிலிருந்து அதிக தூரமில்லாத வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கலாமா என்று 1924, 1925-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறையிருந்தார். 1936-ல் திருவிதாங்கூர்க் கோயில்கள் திறந்தன. 1939-ல் வைத்தியநாதய்யர் முன்னின்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அரிஜனங்களை அழைத்துப் போனார். அதே வருஷங்களில் ஸேலம் காந்தியின் ஆயுதத்தைத் தம் சொந்தச் சபைக்குள் எடுத்தார். கொஞ்ச காலம் ஆலயத்துக்குப் போகாமல் பகிஷ்காரம் செய்தார். உண்ணாவிரதம் இருக்கவும் நினைத்தார். யூத காந்தி என்று அவருக்குப் பெயர் வந்தது. சண்டை போட்டுத் தனி ஆலயம் கட்டிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது இந்த ஆலயம், இந்தச் சுருள்.

1930-களிலும் 40-களிலும் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முதலில் பலகையில் இடம், அதுவும் பின் வரிசையில். பிறகு சுருளுக்கு முன் அழைப்பு. கடைசிப் பூட்டு கல்யாணம். 1950-ல் ஸேலத்தின் மகன் ஒருவரும் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் பம்பாயில் மணந்துகொண்டார்கள். ஊர் திரும்பி மணப்பெண் ஆலயத்துக்கு வந்தபோது, மாடியில் இருந்த பெண்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். வாசிப்பு மிகக் கிட்டத்தில் கேட்கிற அதே மாடி!

அதற்குள் காலம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று ஏழு ஆலயங்களைச் சேர்ந்த பழைய மலபார் யூதர்கள் நிலத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள். யானைக்கால் வியாதி பரவிவிடும் என்ற பயத்தினால் இஸ்ரேல் தயங்கியது. 1953-ல் ஸேலம் அங்கே போய் அவர்களுக்காக வாதாடினார். 1954, 1955-ல் பெரும்பாலோர் புறப்பட்டுப் போனார்கள். கப்பலேற்றிவிடப் பாடுபட்டவர் தாம் மட்டும் மட்டாஞ்சேரியிலேயே இருந்து 1967-ல் காலமானார்.

மறு வருஷம் ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழா. இந்திரா காந்தி வந்தார்; தபால் தலை வெளியிட்டார்கள். விழா முடிந்தது. பரதேசிகளும் ஒவ்வொரு குடும்பமாகப் புறப்பட்டார்கள். பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும் பிரயாசையாயிற்று. இப்போது அந்தத் தெருவில் மிஞ்சிய யூதர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வெளியூரிலிருந்து யாராவது வந்து பத்து சேர்ந்தால் உண்டு. இல்லாவிட்டால் சுருள் பேழைக்குள்ளேயே இருக்கும். சனிக்கிழமை என் காதில் விழாமல் போன சத்தத்தின் கணக்கு இதுதான்.

இஸ்ரேலின் தெற்கே நெவாத்திம் என்ற ஊரில் கொச்சிக்காரர்கள் ஆலயம் கட்டியிருக்கிறார்கள். அங்கே வாரப் பகுதி நடக்கிறது.

திரும்பும்போது முன் அறையில் கொஞ்சம் நின்றேன். தரையில் உட்கார்ந்தால் உள்ளே என்ன தெரியும், பேழை தெரியுமா, மேடையின் கிராதி மட்டும் தெரியுமா என்று பார்க்க ஆசை. வேட்டியைச் சரி செய்துகொண்டு குனிந்தேன். பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் வந்து நெருக்கிற்று. காவல்காரர், "வழியில் உட்காரக்கூடாது, நகருங்கள்" என்றார். நகர்ந்தேன்.