இரண்டு வளையங்களுக்கு நடுவில்

டாட்டிங் லேஸை பிரெஞ்சு மொழியில் 'ஃப்ரிவோலிதே' என்பார்கள். அற்பமான பொழுதுபோக்கு என்பது பொருள். இத்தாலியில் அதன் பெயர் 'கியாக்கியெரினோ', அதாவது வாயாடி. பெண்கள் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்கிறார்கள், ஆகவே அது வேலையல்ல. கூலி கேட்கவே வழியில்லாதபடி ஒரு தொழிலுக்குப் பெயர் வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பேசிக்கொண்டே செய்யலாம்தான், வளையம் போடும்வரை. வளையத்தை மூடிவிட்டு அடுத்ததற்கு முன் வெறும் நூல் விடும் இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டாட்டிங் என்றாலே வளையங்களும் அவற்றுக்கு இடையே ஓடும் வெறும் நூலும்தான். இரண்டாவது நூலைக் கொண்டு அந்த இடத்தைச் சங்கிலியாக மூடுவது பிற்பாடு வந்தது. ஷட்டிலை விட்டு ஊசியில் செய்யும் முறைக்கு மிகப் பழைய அச்சுச் சான்றாகச் சொல்லப்படுவது 1917 ஏப்ரலில் அமெரிக்காவின் 'மாடர்ன் பிரிசில்லா' பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை.

ஊசி சுலபம் என்பார்கள். இடைவெளி விஷயத்தில் அப்படியில்லை. ஷட்டிலில் இடைவெளியில் ஓடுவது ஒற்றை நூல். ஊசியில் இரண்டு: காதில் கோத்தது ஒன்று, பந்திலிருந்து வருவது இன்னொன்று. வளையத்தை இழுத்து மூடியதும் அதன் அடியில் ஒரு முடிச்சுப் போட்டுப் பூட்ட வேண்டும். பிறகு வேலையைத் திருப்பிப் பிடித்து, அரை சென்டிமீட்டரோ முக்காலோ விட்டு, அடுத்த வளையத்துக்கான முடிச்சுகளை ஊசியில் ஏற்ற வேண்டும். அந்த வளையத்தை மூட இழுக்கும்போதுதான் சிக்கல். உள்நூல் இடைவெளியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஒரு நூல் இறுகும், மற்றது தொங்கும். பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு பட்டை வெட்டி, இரண்டு நூலையும் அதன் குறுக்கே படியவைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இழுப்பேன். பட்டையின் அகலம்தான் இடைவெளி. அது குறைந்தால் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஓரம் கிண்ணம்போல் குவியும். கூடினால் வளையங்கள் துவண்டு தொங்கும். கைக்குட்டையின் மூலையில் மட்டும் வேண்டுமென்றே சற்றுக் கூட்டுவேன், லேஸ் சுருங்காமல் திரும்ப.

தமிழ் பேசும் பெண்களிடம் லேஸ் வந்த கதை நாகர்கோவிலில் தொடங்குகிறது. 1819-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் அங்கே வந்தார்கள். மார்த்தா பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அது டாட்டிங் அல்ல. திண்டின் மேல் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவது. அவர்களுடைய மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, அந்தக் கைவேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். மார்த்தாவின் பெயரும் எலைசாவின் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. திண்டின் முன் குனிந்திருந்த சிறுமிகள் 'மால்ட் அம்மாளின் பெண்கள்' என்று மொத்தமாக எண்ணப்பட்டார்கள்.

அவர்களில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855-இல். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கியவர்கள் உண்டு என்பது மிஷன் பதிவுகளிலேயே இருக்கிறது. நன்கொடையால் மீட்கப்பட்டவர்கள் என்று இவர்களையும் சேர்த்துச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது கூலி. விலை கொடுத்தது அவர்களுடைய விரல்.

அதே காலத்தில் அதே ஊர்களில் நாடார் பெண்கள் மேல்சீலை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். 1829-இல் அரசு குப்பாயம் போட்டுக்கொள்ள மட்டும் அனுமதித்தது; தோள்சீலையைத் தடுத்தது. 1859-இல்தான் தடை தளர்ந்தது, அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஐரோப்பியப் பெண்களின் உடைக்கு விளிம்பு பின்னிக்கொடுத்த ஊர்களில், தன் மார்பை எப்படி மூடுவது என்பதை ஒரு பெண் தானே முடிவுசெய்ய முடியவில்லை.

ஆந்திரத்தின் நரசாபூரிலும் லேஸ் மிஷனரிகள் வழியாகத்தான் வந்தது. அங்கே குரோஷா ஊசி. மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி 1982-இல் வெளியிட்ட நூல், ஏற்றுமதிக்காக நாள் முழுக்கப் பின்னுகிறவர்கள் எப்படி 'இல்லத்தரசிகள்' என்றே கணக்கில் எழுதப்பட்டார்கள், அவர்கள் உழைப்பு எப்படி 'ஓய்வுநேரக் கைவேலை' ஆனது என்பதை விரித்துச் சொல்கிறது. லேஸை வாங்கி விற்ற ஆண்களுக்கு வியாபாரி என்ற பெயர் தயக்கமின்றிக் கிடைத்தது.

நான் இருக்கும் பக்கத்தில் ஊசி புதிய பொருளல்ல. ஆவடியில் ராணுவ உடை தைக்கும் அரசுத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. அங்கே தைத்தால் சம்பளம் உண்டு, லீவு உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடை கம்பெனிகள். கம்பெனிக்கு வெளியே, வீட்டு வாசலில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு நூல் வெட்டவும் பாசி கோக்கவும் லேஸ் ஒட்டவும் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

எங்கள் தெருவில் டாட்டிங் தெரிந்த நான்கு பேரிடம் ஒருமுறை ஓர் ஏஜென்ட் ஆர்டர் கொண்டுவந்தார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. மாதிரியில் இடைவெளி முக்கால் சென்டிமீட்டர். அதைக் கொஞ்சம் கூட்டினால் மீட்டருக்கு வளையம் குறையும், வேலை சீக்கிரம் முடியும். அது அவருக்கும் தெரியும். அதனால் ஸ்கேலோடு வந்தார். வளையத்தை ஒன்றுகூட அளக்கவில்லை, நடுவில் உள்ள நூலை மட்டும் அளந்தார். அளவு பிசகிய துண்டுகளைத் தள்ளிவைத்தார், அவற்றுக்குக் காசில்லை. "இந்த இடத்துக்குத்தான் அளவு என்றால், இந்த இடத்துக்கும் கூலி போடுங்கள்" என்றார் எங்களில் மூத்தவர். வெறும் நூலுக்கா என்று அவர் சிரித்தார். நால்வருமாக ஒரு நோட்டில், ஒரு மீட்டருக்கு ஆகும் நேரத்தைப் பிரித்து எழுத ஆரம்பித்தோம்: வளையத்துக்கு எத்தனை நிமிடம், இடைவெளிக்கு எத்தனை, பிரித்துத் திரும்பப் போட்டதற்கு எத்தனை.