வீட்டில் பாடம், பாயில் யோகம்: வாகரைப் பிள்ளைகளுக்கான கால்மணி நேரம்

வீட்டுக்கல்வி என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது, பாடசாலையே வேண்டாம் என்று முடிவெடுத்த வசதியான நகரக் குடும்பங்கள்தான். வாகரையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். கோறளைப்பற்று வடக்கில் பிள்ளைகள் வீட்டில் இருந்து படித்தது பெரும்பாலும் வேறு வழியில்லாமல்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரத்தை அடித்துச் சென்றது. 2006இல் போர் திரும்பவும் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலை மீது எறிகணைகள் விழுந்து 40இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்கு வந்தபோது சனம் ஊரில் இல்லை. பிறகு 2011 ஜனவரி வெள்ளம், 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் நெருக்கடி. இவை போக, ஒவ்வொரு மாரிக்கும் வீதி வெள்ளத்தில் மூழ்கும் நாட்களும் உண்டு.

அன்று எட்டு, பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன்மார். பிள்ளையோடு பாயில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது பற்றி இங்கே எழுதும்போது, அந்தப் பாயில் இரண்டு தலைமுறை இருக்கிறது என்பதை மறக்க முடியாது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். இலங்கையில் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது 1997இல் கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த வயதெல்லை 16 ஆனது. ஆகவே இங்கே சொல்லப்படுபவை பாடசாலைக்குப் பதிலாக அல்ல. பாடசாலை மூடியிருக்கும் நாட்களுக்கும், திறந்திருக்கும் நாட்களின் காலைக்கும் மாலைக்கும்.

பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் உதவுமா என்ற கேள்விக்கு, நமது பகுதியிலேயே எடுக்கப்பட்ட ஒரு விடை இருக்கிறது. சுனாமி நடந்து சில வாரங்களுக்குள், வடகிழக்கில் புதிதாக அமைக்கப்பட்ட ஒரு முகாமில் 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. போரையும் அலையையும் கண்ட பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு, நடந்ததைக் காலவரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை ஆறு அமர்வுகள். மற்றவர்களுக்கு தியானமும் தளர்வும் ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் நெருக்கீட்டு நோயிலிருந்து மீண்டிருந்தனர். கிளாடியா கட்டானியும் சக ஆய்வாளர்களும் இதை 2009இல் வெளியிட்டார்கள்.

இந்த எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு ‘யோகம் எல்லாவற்றையும் சுகமாக்கும்’ என்று ஓடக்கூடாது. பிள்ளைகள் தொகை சிறியது. ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட குழு இல்லாததால், காலம் தானாக ஆற்றியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எளிய மூச்சுப் பயிற்சி, சரியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டால், முகாம் கொட்டிலிலும் செய்யக்கூடியது என்பது தெரிந்தது. அதுவே பெரிய விடயம்.

மட்டக்களப்பு நகரில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் இங்கே நினைக்கவேண்டும். கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் முன்னின்று உருவாக்கிய இடம். தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக அழைத்துவந்து களிமண், நிறம், கதை, விளையாட்டு என்று விட்டார்கள். அது யோக வகுப்பு அல்ல. ஆனால் பயந்த பிள்ளையின் உடம்பு முதலில் விளையாடவேண்டும், பேச்சு பிறகு வரும் என்பதை அங்கே பார்க்கலாம்.

இனி வீட்டு விடயம். பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடமே நீளம். காலையில், சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்டிருந்தால் இரண்டு மணித்தியாலமாவது போகட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே செய்யவேண்டாம், மரநிழல் நல்லது. கடையில் விற்கும் ரப்பர் விரிப்பு தேவையில்லை, வீட்டுப் பாய் வழுக்காமல் இருந்தால் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆசனத்தின் வடமொழிப் பெயரைச் சொல்லி வரிசையில் நிறுத்தினால் இரண்டாம் நாள் ஓடிவிடுவார்கள். பெயர்களிலேயே விளையாட்டு இருக்கிறது. புஜங்காசனம் பாம்பு, மண்டூகாசனம் தவளை, விருட்சாசனம் மரம். பூனைபோல் முதுகை மேலே வளை, பிறகு கீழே இறக்கு. ஒற்றைக்காலில் மரமாக நிற்கும்போது காற்று வருகிறது என்று தாய் ஊதினால் மரம் ஆடும், விழும், சிரிக்கும். விழுவது பிழை அல்ல. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சூரிய நமஸ்காரம் மெதுவாக மூன்று சுற்று சொல்லிக்கொடுக்கலாம். வீட்டில் மூன்று வயது வித்தியாசத்தில் நாலு பிள்ளைகள் இருந்தால் மூத்தவரை நடத்தவிடுங்கள். தம்பி தங்கைகள் தாயைவிட அக்காவை உற்றுப் பார்ப்பார்கள்.

பாடத்தோடு இணைப்பதும் எளிது. தவளையாகக் குந்திய பிள்ளையிடம் தவளை எதனால் சுவாசிக்கிறது என்று கேட்டால் விஞ்ஞானம் தொடங்கிவிடும். ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று ஓடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணி, கொப்பியில் எழுதி, ஒரு வாரத்தின் பின் வரைபு கீறலாம். தரம் ஐந்துப் பிள்ளைக்கு அது கணிதம்.

மூச்சுப் பயிற்சிகளில் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது பிராமரி, அதாவது வண்டு. வாயை மூடி, மூக்கால் மூச்சை எடுத்து, விடும்போது ‘ம்ம்ம்’ என்று முரல்வது. ஐந்து தடவை போதும். மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளும் வேகமாக மூச்சை உதறும் கபாலபாதியும் பிள்ளைகளுக்கு வேண்டாம். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தை யூடியூபைப் பார்த்து வீட்டில் பழக்கவே கூடாது, கழுத்து விடயம். முட்டு வருத்தம், வலிப்பு, இருதயக் குறை உள்ள பிள்ளை என்றால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

கடைசியில் படுக்கும் சவாசனம்தான் இந்தப் பகுதியில் கூடிய கவனம் வேண்டிய இடம். ‘கண்ணை மூடு, அசையாதே’ என்பது சாதாரண பிள்ளைக்கு ஓய்வு. இழப்பைக் கண்ட பிள்ளைக்கு, அடி வாங்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, கண்ணை மூடிய உடனே வருவது வேறு காட்சி. ஆகவே கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம், பக்கவாட்டில் சுருண்டு படுக்கலாம், வாசலைப் பார்த்தபடி உட்காரலாம். சவம் என்ற பெயரையும் விடுங்கள், ‘நட்சத்திரம்’ என்று சொன்னாலும் அதே படுக்கைதான். தொட்டுத் திருத்துவதற்கு முன் கேளுங்கள். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். இது பெற்றோருக்கும் பொருந்தும்: கண்ணை மூடும்போது உங்களுக்கே நெஞ்சு படபடத்தால் நீங்களும் மூடவேண்டியதில்லை.

சமயம் பற்றிய கேள்வியும் வரும். கல்லடி உப்போடை இராமகிருஷ்ண மிஷனையும் சுவாமி விபுலாநந்தரையும் அறிந்த மாவட்டத்தில் யோகம் சைவ வீடுகளுக்கு அந்நியமல்ல. கிறிஸ்தவ, முஸ்லிம் அயலவர் பிள்ளைகளும் சேர்ந்தால் மந்திரம் இல்லாமலே செய்யலாம். முரல்வதற்கு மதம் இல்லை. தயக்கம் உள்ள குடும்பத்தை வற்புறுத்தாமல் விடுவதுதான் மரியாதை.

பிள்ளை பல வாரமாக இரவில் அலறி எழும்பினால், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், பேச்சைக் குறைத்துக்கொண்டால், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். வாகரை வைத்தியசாலையில் காட்டி, தேவையானால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகச் சந்தேகம் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.