கசிவின் ஊற்றுக்கண்

கீழ்வீட்டு மூதாட்டி ஒரு மாலை கதவைத் தட்டி, தம் சமையலறைக் கூரையில் ஈரம் படர்ந்திருப்பதாகச் சொன்னார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெண்பூச்சின் மீது தேநீர்க் கறை போல ஒரு வட்டம். அதன் நடுவே ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே என் வீட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கிட்டேன். துணி அடுக்கும் அலமாரி. அங்கே குழாயே கிடையாது. ஆகவே கசிவு என்னுடையதன்று என்று ஓர் அறிஞனுக்குரிய உறுதியோடு அறிவித்துவிட்டு மாடியேறினேன். அடுத்த இரண்டு வாரங்கள் படிக்கட்டில் சந்திக்கும்போது அவர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

பிறகு ஒரு முதிய பிளம்பர் வந்தார். அவர் அலமாரியைப் பார்க்கவே இல்லை. நேராகக் குளியலறைக்குப் போய், தொட்டியின் அடைப்பானைப் போட்டுப் பாதியளவு நீர் நிரப்பி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு கிழித்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தார். கோடும் நீரும் பிரியவில்லை. ஆகவே தொட்டியில் விரிசல் இல்லை. அடைப்பானை எடுத்து நீரை வெளியேற்றினார். கீழே துளி விழவில்லை; ஆகவே கழிவுக்குழாயிலும் குற்றமில்லை. அதன் பிறகுதான் கேக்கில் கலக்கும் சிவப்புச் சாயம் வீட்டில் உண்டா என்று கேட்டார். தொட்டியை மீண்டும் நிரப்பி, இம்முறை மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் வழிதுளை வரை நீரை ஏற்றி, சாயத்தைக் கரைத்தார். மூதாட்டியின் கூரைக் கறையில் பஞ்சு ஒட்டி வைக்கப்பட்டது. இருபது நிமிடத்தில் பஞ்சு சிவந்தது. வழிதுளைத் தகட்டுக்குப் பின்னிருந்த ரப்பர் வாஷர் உலர்ந்து வெடித்திருந்தது. அங்கிருந்து இறங்கிய நீர் ஒரு மரவிட்டத்தின் மீது ஐந்தடி தூரம் ஊர்ந்து, அலமாரிக்குக் கீழே தனக்கு வசதியான இடத்தில் சொட்டியிருக்கிறது. யாராவது தொட்டி நிறையக் குளித்த நாளில் மட்டும்தான் சொட்டியிருக்கிறது. அந்த யாராவது நான்தான்.

சாயத்துக்கு ஒரு வரலாறு இருக்க வேண்டுமே என்ற எண்ணம் அன்றிரவு வந்தது. மறைவில் ஓடும் நீரிடம் "எங்கிருந்து வருகிறாய்?" என்று முதலில் கேட்டவர் யார்?

பதிவுகளில் கிடைக்கும் மிகப் பழைய விடை கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் தம் 'யூதப் போர்' நூலில் இதைக் குறிப்பிடுகிறார். யோர்தான் ஆறு பானியாஸ் குகை ஊற்றில் பிறப்பதாக மக்கள் நம்பினர். ஏரோதின் மகனும் சிற்றரசனுமான பிலிப்பு, ஃபியாலே என்ற வட்டமான ஏரியில் உமியைக் கொட்டச் செய்தான். உமி பானியாஸில் வெளிப்பட்டது. ஆகவே மெய்யான பிறப்பிடம் ஃபியாலேதான் என்று நிறுவப்பட்டது. மிக அழகான சோதனை. ஒரே குறை, ஃபியாலே என்று இன்று அடையாளம் காணப்படும் பிர்கட் ராம் ஏரிக்கும் அந்த ஊற்றுக்கும் தொடர்பு இருப்பதாக நிலவியலாளர்கள் ஏற்பதில்லை. அப்படியானால் உமி எப்படி வந்தது? மன்னன் விரும்பிய முடிவை மன்னனுக்கு அளிக்க, ஊற்றருகே ஒரு கைப்பிடி உமியோடு யாரோ நின்றிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் அரசு அலுவலகங்களை அறிந்தவர்கள் இதை எளிதில் தள்ளிவிடமாட்டார்கள்.

உமியிலிருந்து பதினெட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி லண்டனுக்கு வருகிறேன், ஏனெனில் ஒரு வீட்டுக் கசிவின் வரலாறு உயிர்களின் வரலாறாக மாறியது அங்கேதான். 1854 ஆகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தோரின் வீடுகள் தெருவிலிருந்த பொது நீரேற்றியைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் கண்டு, செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. கதையை இங்கேயே நிறுத்திவிடுவதுதான் வழக்கம். என்னைப் பிடித்து நிறுத்துவது அதன் பின்பகுதி.

கிணறுதான் காரணம் என்றால், கிணற்றுக்குள் நஞ்சு எங்கிருந்து வந்தது? கிணற்றின் உட்புறத்தை ஆராய்ந்தார்கள். செங்கற்சுவரில் குறையேதும் தெரியவில்லை. நான் அலமாரியைப் பார்த்துத் தீர்ப்பளித்ததைப் போலத்தான் இதுவும். நீர் வந்து சேர்ந்த இடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது புறப்பட்ட இடத்தைச் சொல்லாது. சுகாதார வாரியத்தின் அறிவியல் குழுவும் கிணற்றின் மீதான குற்றச்சாட்டை ஏற்க மறுத்தது.

ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார் அந்தத் திருச்சபை வட்டாரத்தில் உதவிக்குருவாக இருந்தார். ஸ்னோவின் கருத்து தவறு என்று மெய்ப்பிக்கவே அவர் வீடுவீடாக விசாரிக்கத் தொடங்கினார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விசாரிக்க விசாரிக்க அவருடைய ஐயம் கரைந்தது. 1855ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இறப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவரின் கண்ணில் ஒரு வரி பட்டது. பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் ஒரு பெண்குழந்தை செப்டம்பர் 2 அன்று, நான்கு நாள் வயிற்றுப்போக்குக்குப் பின் இறந்திருக்கிறது. அப்படியானால் நோய் தொடங்கியது ஊரில் கொள்ளைநோய் வெடிப்பதற்கு முன்பு. அந்த வீடோ நீரேற்றிக்கு மிக அருகில். அவர் தாயைத் தேடிச் சென்று கேட்டார். குழந்தையின் துணிகளை வாளியில் அலசியதாகவும், அந்த நீரில் ஒரு பகுதியை வீட்டின் முன்புற நிலவறையிலிருந்த கழிவுக்குழியில் ஊற்றியதாகவும் அவள் சொன்னாள்.

உடனே நிலஅளவையாளர் யார்க் என்பவரை வரவழைத்துத் தோண்டினார்கள். இம்முறை கிணற்றிலிருந்து அல்ல, வீட்டிலிருந்து. குழியின் செங்கற்கள் கையால் பிடுங்கினால் வரும் அளவுக்கு இற்றிருந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் மூன்றடிக்கும் குறைவு. இடைப்பட்ட மண் சேறாகியிருந்தது.

அங்கே யாரும் நீரில் சாயம் கரைக்கவில்லை. கரைத்துப் பார்த்திருந்தால் என்ற எண்ணம் இதைப் படிக்கும்போது எழாமல் இருப்பதில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. குழந்தையின் தந்தை ஒரு காவலர். கைப்பிடி கழற்றப்பட்ட அதே செப்டம்பர் 8 அன்று அவரும் நோயில் விழுந்தார்; பின்னர் இறந்தார். அதாவது அதே குழிக்குள் மறுபடியும் நஞ்சு இறங்கத் தொடங்கிய நாளில்தான் கிணறு மூடப்பட்டிருந்தது.

சாயம் கரைக்கவில்லை என்றேன். ஆனால் நீருக்குள் ஏற்கெனவே இருக்கும் அடையாளத்தைப் படிக்க ஸ்னோ அறிந்திருந்தார். அதே 1854இல் தென்லண்டனில் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்குக் குடிநீர் விற்றன. ஒன்று கடல் ஏற்றம் எட்டாத மேல்தேம்ஸிலும் மற்றொன்று பாட்டர்சீயிலும் நீர் எடுத்தன. எந்த வீட்டுக்கு எந்த நீர் என்று குடியிருப்பவர்களுக்கே தெரியாது. கட்டணத்தை வீட்டுக்காரர் கட்டிவிடுவார். ஸ்னோ வெள்ளி நைட்ரேட்டைக் கலந்து உப்பை அளந்தார். பாட்டர்சீ நீரில் ஒரு காலனுக்கு 37.9 கிரெயின், மற்றதில் 0.95. ஏறத்தாழ நாற்பது மடங்கு. ஒரு குவளை நீரே தன் ஊரைச் சொல்லிவிட்டது.

உப்பை வேண்டுமென்றே கொட்டிச் சோதித்தது சுவிட்சர்லாந்தின் லாவுசன் கிராமத்தில். 1872 ஆகஸ்டில் அங்கே டைஃபாய்டு பரவியது. பொது ஊற்றின் நீரைக் குடித்தவர்கள் படுத்தார்கள். சொந்தக் கிணறு வைத்திருந்த சில வீடுகள் தப்பின. ஆனால் ஊற்றின் அருகே நோயாளி யாரும் இல்லை. இடையில் ஒரு குன்று. குன்றுக்கு அப்பால் வேறொரு பள்ளத்தாக்கு. அங்கே தனித்த பண்ணைவீட்டில் ஒருவர் ஜூன் மாதம் முதல் நோயில் கிடந்தார். பாசல் நகரத்து மருத்துவர் ஹேக்லர், அப்பள்ளத்தாக்கின் ஓடை மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் உப்பைக் கரைத்து ஊற்றச் செய்தார். லாவுசன் ஊற்று உப்புக் கரித்தது. அத்தோடு விடாமல் மூட்டை மூட்டையாக மாவையும் கொட்டினார். மாவு வரவில்லை. குன்று நீரை வடிகட்டத்தான் செய்தது. மாவை நிறுத்திய அந்த மண்ணால் நோயை நிறுத்த முடியவில்லை. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதே நல்ல நீர் என்று நம்பியவர்களுக்கு, நுண்ணுயிர்க் கொள்கை முழுமை பெறாத அந்த நாட்களில், இந்த மாவு சொன்ன செய்தி சாதாரணமானதன்று.

உண்மையான சாயம் வருவதற்கு இன்னும் ஐந்தாண்டுகள் ஆயின. ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பாயர் 1871இல் ஃப்ளூரசின் என்ற பொருளைத் தயாரித்திருந்தார். மிகச் சிறிதளவு கரைத்தாலும் நீர் பச்சையாக ஒளிரும். அது முதலில் பெரிய அளவில் இறங்கியது எந்தத் தொட்டியிலும் அல்ல, டான்யூப் ஆற்றில். இம்மெண்டிங்கன் அருகே அந்த ஆறு தன் படுகையின் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கிக் காணாமற்போகிறது. கோடையில் படுகை முற்றிலும் வறண்டு கூழாங்கல் மட்டும் மிஞ்சும். தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் ஆக் என்ற இடத்தில் பெரும் ஊற்று ஒன்று பொங்கி எழுகிறது. இரண்டும் ஒரே நீர்தானா? கேட்டவர்கள் அறிவுத் தாகத்தால் மட்டும் கேட்கவில்லை. ஆக் ஆற்றங்கரையில் நீர்விசையை நம்பிய ஆலைகள் இருந்தன. டான்யூபின் வெடிப்புகளை அடைக்க வேண்டும் என்று கீழ்க்கரை ஊரார் கிளம்பினர்.

1877 அக்டோபரில் கார்ல்ஸ்ரூஹே பேராசிரியர் அடால்ஃப் க்னோப் 10 கிலோ ஃப்ளூரசினை ஆற்றில் கரைத்தார். கூடவே உப்பும் ஷேல் எண்ணெயும் சோதிக்கப்பட்டன. ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. கருங்கடலுக்குப் போக வேண்டிய நீர், ஆக் வழியாகப் போடன்சே ஏரியில் இறங்கி, ரைனோடு சேர்ந்து வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பாவின் இரு பெரும் ஆறுகளுக்கிடையே ஒரு கசிவு.

கசிவு நிறுவப்பட்டால் சண்டை தீரும் என்று நாம் நினைப்போம். சண்டை அதன் பிறகுதான் வலுத்தது. இழந்த வூர்ட்டம்பெர்க் மாநிலமும் பெற்ற பாடன் மாநிலமும் வழக்காடி, 1927இல் லைப்சிகிலிருந்த அரசமைப்பு நீதிமன்றம் வரை சென்றன. இயற்கையாக உறிஞ்சப்படுவதை அண்டை மாநிலம் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் செயற்கையாக அதைக் கூட்டவோ குறைக்கவோ இருவருக்கும் உரிமையில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். டான்யூப் இன்றும் ஒவ்வோராண்டும் பல வாரங்கள் அந்த இடத்தில் காணாமற்போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் இவ்வளவு உயர்ந்த நீதிமன்றம் தேவைப்படவில்லை. அதே ஃப்ளூரசினை மாத்திரை வடிவில் விற்கிறார்கள் என்று பிளம்பர் சொன்னார். என் கண் மருத்துவரும் விழிப்படலத்தின் கீறலைக் காண அதைத்தான் ஒரு சொட்டு விடுகிறார். புது வாஷரின் விலை மிக அற்பம். கூரைக்குப் புதுப்பூச்சு அடிக்கும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். மூதாட்டி இப்போது வணக்கம் சொல்கிறார். ஆனால் அந்தச் சிவந்த பஞ்சை எறிந்துவிடாமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, சமையலறைச் சன்னலோரம், நான் உள்ளே நுழைந்தால் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கிறார்.